டீசல் பம்பைக் கழற்றுமுன்: பழைய லொறிக்காரர் கேள்வி பதில்

கேள்வி: டாடா 1210. இரவு நிறுத்தினால் காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகாது. கைப்பம்பை நாலு அடி அடித்தால் உடனே பிடிக்கிறது. பம்ப் போய்விட்டது என்கிறார் கராஜ் பாஸ். (மட்டக்குளி)

பதில்: கைப்பம்ப் அடித்ததும் பிடிக்கிற வண்டிக்குப் பம்பைக் கழற்றுவது வீண் செலவு. இரவில் டீசல் டாங்கிக்கே திரும்பி இறங்கி, அந்த இடத்தில் காற்று ஏறுகிறது. டாங்கியிலிருந்து பீட் பம்ப் (டீசலை இழுத்து டீசல் பம்புக்குக் கொடுக்கும் சிறு பம்ப்) வரை உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் வெளியே ஒரு சொட்டும் கசியாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அதனால்தான் கண்ணுக்குப் படுவதில்லை. பீட் பம்புக்குள் போகும் குழாயில் உள்ளே தெரியும் ஹோஸ் ஒரு அடியைத் தற்காலிகமாகப் பூட்டி எஞ்சினை ஓட்டிப் பாருங்கள், குமிழி ஓடும். பான்ஜோ போல்ட்டின் (குழாயைப் பூட்டும் துளையுள்ள போல்ட்) செப்பு வொஷர்களைப் புதிதாகப் போடுங்கள். கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். குமிழியே இல்லையென்றால் பீட் பம்பின் வால்வில் தூசி நிற்கலாம்.

கேள்வி: பெஞ்சில் (பம்பைச் சோதித்துச் சரிசெய்யும் மெஷின்) ஏற்றிய பம்பைத் திரும்பப் பூட்டும்போது டைமிங் (டீசல் அடிக்கும் நேரம்) பிடிப்பது எப்படி? ஆறு சிலிண்டர் இன்லைன் பம்ப். (கிராண்ட்பாஸ்)

பதில்: முதலில் ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் நிற்கிறதா என்று பாருங்கள். பிளைவீல் குறி இரண்டு சுற்றுக்கு இரண்டு தடவை வரும், அதை மட்டும் நம்பக்கூடாது. டெப்பெட் கவரைத் திறந்தால், ஒன்றாம் சிலிண்டரின் இரண்டு ரொக்கரும் (வால்வை அமுக்கும் கை) தளர்ந்து ஆட வேண்டும், ஆறாவதன் வால்வுகள் ஒன்று மூடி மற்றது திறக்கும் தறுவாயில் இருக்க வேண்டும். (டாடா ஆறு சிலிண்டரில் எரியும் வரிசை 1-5-3-6-2-4.)

பிறகு பம்பின் ஒன்றாம் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, அவற்றைப் பிடிக்கும் ஹோல்டரை மட்டும் பூட்டி, வளைந்த சிறு குழாயொன்றை மேலே மாட்டுங்கள். ஸ்டொப் லீவர் விட்ட நிலையில், அக்சிலரேட்டர் முழுதாக அழுத்தியபடி இருக்கட்டும். எஞ்சினைக் கால் சுற்று பின்னுக்குத் தள்ளி, கைப்பம்பை அடித்துக்கொண்டே சுழலும் திசையில் மெல்ல முன்னுக்குத் திருப்புங்கள். பின்னுக்குத் தள்ளியே குறியில் நிறுத்தினால் கியர் இடைவெளி கணக்கைக் கெடுத்துவிடும். குழாயில் தாரையாக வந்த டீசல் சொட்டாக மாறும் இடமே பம்ப் டீசலை அடிக்கத் தொடங்கும் இடம். அங்கே குறி உங்கள் எஞ்சின் புத்தகத்திலுள்ள டிகிரியில் நிற்க வேண்டும். இல்லையென்றால் பம்ப் உடலைத் திருப்புங்கள்: பம்ப் ஷாஃப்ட் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முன்னே வரும், அதே திசையில் திருப்பினால் பின்னே போகும். இறுக்கியபின் இன்னொரு தடவை சொட்டுப் பாருங்கள். இறுக்கும்போது பம்ப் நகர்வது சகஜம்.

கேள்வி: டெலிவரி வால்வ் வொஷர் மாற்றினேன். இப்போது அக்சிலரேட்டரை விட்டாலும் எஞ்சின் இறங்கவில்லை. (வத்தளை)

பதில்: இனி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஹோல்டரை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பீர்கள், பேரல் (பிளஞ்சர் ஓடும் உருளை) நெளிந்து ராக் (டீசல் அளவை மாற்றும் கம்பி) சிக்கிவிட்டது. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரோன்தான். ஹோல்டர்களைத் தளர்த்தி, டோர்க் ஸ்பானரால் புத்தகத்து அளவுக்கு இறுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ராக்கைக் கையால் தள்ளிப் பாருங்கள், தடையில்லாமல் வழுக்க வேண்டும். எஞ்சின் கட்டுமீறி ஓடிவிட்டால், ஸ்டொப் லீவர் வேலை செய்யாத நிலையில், காற்று போகும் வாயைத் தட்டையான பலகையால் மூடுங்கள். துணியோ கையோ வேண்டாம், உள்ளே இழுக்கும்.

கேள்வி: எஞ்சின் ஒயில் மட்டம் ஏறுகிறது, டீசல் வாசனை. (புறக்கோட்டை)

பதில்: எஞ்சின் ஒயிலே பம்பின் கீழ்ப்பெட்டிக்குப் போகும் வகையென்றால், முதல் சந்தேகம் பீட் பம்பின் தள்ளுகோல். குழாய்களைக் கழற்றாமல் பீட் பம்பை மட்டும் வெளியே இழுத்து கைப்பம்பை அடியுங்கள். தள்ளுகோலைச் சுற்றி ஈரமானால் பீட் பம்பை மாற்றுங்கள். காய்ந்திருந்தால் எலிமென்ட் (பிளஞ்சரும் பேரலும்) தேய்ந்திருக்கலாம், அது பெஞ்ச் வேலை. இதற்கிடையில் அந்த ஒயிலோடு கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற நினைக்க வேண்டாம். மெலிந்த ஒயில் பெயரிங்கைத் தின்றுவிடும்.

கேள்வி: எல்ஃப் வண்டி, ரோட்டரி பம்ப். குளிரில் பிடிக்கிறது, சூட்டில் நிறுத்தினால் பிடிப்பதில்லை. (கொட்டாஞ்சேனை)

பதில்: சூட்டில் டீசல் மெலிந்து தேய்ந்த பிளஞ்சரைத் தாண்டிக் கசிகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஈரத்துணியைப் பம்ப் ஹெட் (பிளஞ்சர் ஓடும் பகுதி) மேல் பதினைந்து நிமிடம் போட்டுப் பாருங்கள். பிடித்தால் ஹெட் தேய்ந்தது பெரும்பாலும் உறுதி. ஓடுகிற பம்பில் தண்ணீர் ஊற்றினால் சிக்கிக்கொள்ளும். இந்த வகைப் பம்புக்கு மசகு டீசல்தான், அதனால் மண்ணெண்ணெய் கலந்தால் சீக்கிரம் தேயும்.

கேள்வி: கரும்புகை, புகைச் சான்றிதழ் கிடைக்கவில்லை. பம்பின் டீசல் அளவு ஸ்க்ரூவைக் குறைக்கலாமா?

பதில்: முதலில் ஏர் கிளீனர், நொசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை), டெப்பெட் இடைவெளி, டைமிங் ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்க்ரூ கடைசியாக, அதுவும் பெஞ்சில்.

கேள்வி: வெள்ளத்தில் இரண்டு நாள் நின்ற லொறி. (வெல்லம்பிட்டி)

பதில்: சாவியைத் தொடாதீர்கள். பற்றரியைக் கழற்றி, டாங்கியை முழுதாக வடித்து, பில்டர்களையும் எஞ்சின் ஒயிலையும் மாற்றுங்கள். பம்பின் வடிப்புத் திறப்பிலிருந்து கொஞ்சம் டீசல் எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் விடுங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து நின்றால் பம்ப் கழற்றப்பட வேண்டும், தாமதித்தால் எலிமென்ட் துருப்பிடிக்கும். தண்ணீர் இல்லையென்றால் புது டீசலால் காற்றெடுத்து, நொசில் குழாய் நட்டுகளைத் தளர்த்தி ஸ்டார்டரைப் பதினைந்து வினாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல் சுற்றுங்கள். பீறிடும் டீசலில் விரலை வைக்காதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும், பட்டால் வலி இல்லாவிட்டாலும் அதே மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.