கெஷ் ஜிக் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்தின் பாத்தி பேண்ட் குழு 1975இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பைத் தொடங்கிவைக்கும் 'கெஷ் ஜிக்' என்ற நடன மெட்டின் பழைய அச்சு வடிவைத் தேடுகிறேன். ஓ'நீலின் ஐரிஷ் மெட்டுத் தொகுப்பின் பெயர்ப்பட்டியலில் கெஷ் என்று எதுவுமே இல்லை. கேட்கும்போதும் நடுவில் தாளம் குழம்பிவிடுகிறது. எங்கே தொடங்குவது?

ம., கோவை

அன்புள்ள ம.,

ஓ'நீலில் அது 'கின்கோரா ஜிக்' என்ற பெயரில் இருக்கிறது. கெஷ் இருப்பது அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில், கின்கோரா கிளேர் மாவட்டத்தில். ஊர்ப்பெயரை வைத்து மெட்டின் பிறப்பிடத்தைச் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். கெரிகன்ஸ், தி காசில், மவுண்டனீயர்ஸ் மார்ச் என்று வேறு பெயர்களும் இதற்கு உண்டு. அயர்லாந்து மெட்டுகளில் பெயர் என்பது அடிக்கடி மாற்றி ஒட்டப்படும் சீட்டுதான், அதனால் சுரங்களைக் கொண்டு தேடுங்கள்.

அதற்கு எளிய வழி, அழுத்தம் விழும் சுரங்களை மட்டும் குறித்துக்கொள்வது. ஜிக் 6/8 தாளம். ஒவ்வொரு கட்டத்துக்கும் (தாளத்தின் ஒரு சுற்று) ஆறு எண்ணிக்கை, அதில் முதலிலும் நான்காவதிலும் அழுத்தம். கெஷ்ஷின் முதல் நான்கு கட்டங்கள்: ஸ ஸ, ரி ரி, த மேல்ஸ, த ப. எண்ணில் (ஸ = 1, ரி = 2 என்று) 1122 6165. புத்தகம் எந்தச் சுருதியில் அச்சிட்டிருந்தாலும், பழைய இசைத்தட்டு வேகம் பிசகிச் சுழன்றாலும், இந்த எண்கள் மாறாது. பலர் தவறுவது ஓரிடத்தில்தான்: முதல் கட்டத்துக்கு முன்னால் வரும் எடுப்புச் சுரத்தையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். அதை விட்டுவிட வேண்டும். இரண்டாம் பகுதியையும் குறித்துக்கொள்ளுங்கள் (இதில் பெரும்பாலும் க ப, த ப என்று தொடங்கும்). முதல் பகுதி பொருந்தி இரண்டாவது பொருந்தாவிட்டால் அது வேறு மெட்டாகவோ, ஒட்டுப்போட்ட மெட்டாகவோ இருக்கலாம்.

இனி ஓ'நீல். சிகாகோ காவல்துறைத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ'நீலின் 1903 தொகுப்பில் 1850 மெட்டுகள். முதல் 700 பாடல் மெட்டுகளும் பழைய யாழிசைக் கலைஞர் கரோலனின் ஆக்கங்களும். 701 முதல் 1115 வரை இரட்டை ஜிக்குகள், அதாவது கெஷ் போன்ற 6/8 ஜிக்குகள். அந்த 415இன் முதல் வரிகளை மட்டும் ஓட்டிப் பார்த்தால் ஒரு மாலை போதும். 'மார்ச்' என்ற பெயரும் புழங்குவதால் கடைசி ஐம்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 1907இல் வந்த 1001 மெட்டுத் தொகுப்பு தனி நூல். வரிசை எண் மாறும். எண்ணைக் குறிக்கும்போது ஆண்டையும் சேர்த்து எழுதாவிட்டால் பிறகு நீங்களே குழம்புவீர்கள். இன்னொரு பொறி: 1976இல் மைல்ஸ் க்ராஸன் திருத்திய பதிப்பு. அட்டையில் ஓ'நீல் பெயர்தான், ஆனால் மெட்டுகள் பிற்கால வாசிப்புக்கு ஏற்ப மாற்றப்பட்டவை. வாசித்துப் பழக நல்ல நூல், 1903க்குச் சான்றாகக் காட்ட உதவாது. 1903 என்பதும் அச்சேறிய ஆண்டு மட்டுமே, மெட்டின் வயது அல்ல.

பிரண்டான் பிரனாக்கின் ஐரிஷ் நடன மெட்டுத் தொகுப்புகளில் (முதல் பாகம் 1963) பின்னிணைப்பைத் தவறவிடாதீர்கள். ஐரிஷ் மொழியில்தான் இருக்கும். ஆனால் மாற்றுப் பெயர்களையும் வேறு நூல்களையும் எழுத்துக்கூட்டியே கண்டுகொள்ளலாம்.

இசைத்தட்டுகளில் சிக்கல் வேறு மாதிரி. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். அதற்குள் இரண்டு மெட்டுகளைக் கோப்பார்கள், தட்டின் நடுவில் ஒட்டிய சீட்டில் சில வேளை ஒன்றின் பெயர் மட்டும் இருக்கும். ஆகவே கடைசி வரை கேளுங்கள். சீட்டைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணை, அதாவது ஒலிப்பதிவுக்கு நிறுவனம் தந்த எண்ணைக் குறியுங்கள். பிற்காலத்து எல்பியிலோ குறுந்தகட்டிலோ வேறு பெயரில் வந்தாலும் அதே எண், எத்தனையாவது முறை வாசித்தது என்பதைக் காட்டும் டேக் எண்ணும் அதே என்றால் அதே ஒலிப்பதிவு. 'இன்னொரு பழைய பதிவு' என்று கணக்கில் சேர்க்காதீர்கள். அமெரிக்கத் தட்டுகளின் எண்களைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் இணையப் பட்டியலில் சரிபார்க்கலாம். டப்ளின் மெரியன் சதுக்கத்தில் இருக்கும் ஐரிஷ் மரபிசை ஆவணக்காப்பகத்தின் தளத்தில் பழைய தட்டுகள் பலவற்றை இலவசமாகக் கேட்கவும் முடியும்.

தாளக் குழப்பம் உங்கள் காதின் பிழை அல்ல. பாத்தி பேண்ட் பதிவில் கெஷ்ஷுக்கு அடுத்து வருவது 'கிவ் அஸ் எ டிரிங்க் ஆஃப் வாட்டர்'; அது 9/8இல் அமைந்த ஸ்லிப் ஜிக். அதற்குப் பின் வரும் இரண்டும் ரீல்கள், வேறு தாளத்தில் அமைந்த நடன மெட்டுகள். 9/8 தொடங்கும் இடத்தில் வெட்டிவிட்டு முன்பகுதியை மட்டும் வைத்து எண்ணிப் பாருங்கள்: எட்டுக் கட்டம் இருமுறை, அடுத்த எட்டும் இருமுறை, ஆக ஒரு சுற்றுக்கு 32.