லிம்போமா கீமோவுக்குப் பின் எலும்பு வலி: எந்த ஸ்கேன் எடுப்பது?

லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு, ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் கதிரியல் மருத்துவர் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 34. ஆர்-சாப் என்ற கீமோ சிகிச்சை முடிந்து ஓராண்டாகிறது. நடந்தால் வலது தொடை இடுக்கில் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான் என்கிறார்கள். நம்பலாமா?

அந்த எக்ஸ்ரேயோடு விட்டுவிடாதீர்கள். ஆர்-சாப் சிகிச்சையில் ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து நாட்கள், வழக்கமாக நாளுக்கு 100 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தருவார்கள். லிம்போமா செல்களை அழிக்க அது வேண்டும். ஆனால் அதே ஸ்டீராய்டு, சிலருக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் கெடுத்துவிடுகிறது. ரத்தம் கிடைக்காத எலும்பு உள்ளுக்குள் இறந்துபோகிறது. மருத்துவமனையில் இதை ஏ.வி.என். என்பார்கள்.

இறந்த எலும்பிலும் கால்சியம் அப்படியே இருப்பதால் தொடக்கத்தில் எக்ஸ்ரே இயல்பாகத்தான் இருக்கும். மூட்டின் வளைவுக்குக் கீழே பிறை போன்ற கறுப்புக் கோடு எக்ஸ்ரேயில் தெரிந்தால், எலும்பு முறியத் தொடங்கிவிட்டது என்று பொருள். எம்.ஆர்.ஐ. அதற்கு வெகுமுன்னரே மஜ்ஜையில் நேரும் மாற்றத்தைக் காட்டிவிடும். இறந்த பகுதியைச் சுற்றி ஓர் இருண்ட கோடும் அதன் உள்ளோரமாக ஒரு வெளிச்சக் கோடும் சேர்ந்து ஓடும். தலைப்பகுதி அமுங்கும் முன் கண்டுபிடித்தால், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சை போன்ற வழிகள் உண்டு. அமுங்கிய பிறகு பலருக்கும் மூட்டு மாற்றம்தான் மிஞ்சுகிறது. முப்பத்து நான்கு வயதில் அந்த வேறுபாடு மிகப் பெரியது. ஆகவே எம்.ஆர்.ஐ. கேளுங்கள். ஸ்கேன் படிவத்தில் ‘இடுப்பு வலி’ என்பதோடு, லிம்போமாவுக்கு ஸ்டீராய்டு எடுத்ததையும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் அதே வலிதான், இடது பக்கம் மட்டும். இரண்டு இடுப்பையும் ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்?

ஸ்டீராய்டால் வரும் ஏ.வி.என். பெரும்பாலும் இரு பக்கமும் வருகிறது. வலிக்காத பக்கம்தான் இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கும். பொதுவாக இதற்குச் சாய ஊசி தேவைப்படாது.

கேள்வி: அம்மாவுக்கு வயது 66. பெட்-சி.டி.யில் (புற்றுநோய் இருக்கும் இடம் ஒளிரும் ஸ்கேன்) நோய் இல்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் முதுகு வலியால் எழுந்து உட்காரவே சிரமப்படுகிறார். நோய் திரும்பிவிட்டதா?

எலும்புத் தேய்மானத்தால் முதுகெலும்புக் கட்டை ஒன்று அமுங்கியிருக்கலாம் என்பதே என் முதல் ஐயம். வயது, மாதவிடாய் நின்றது, ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த நிலை இது. பெட் படத்தைப் பார்ப்பவரின் கவனம் புற்றுநோய் மீதே இருப்பதால், இந்த அமுங்கல் அறிக்கையில் விடுபட்டுப்போவது உண்டு. அது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம், ஏனெனில் விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதே சி.டி.யைப் பக்கவாட்டுத் தோற்றத்தில் திரும்பப் பார்க்கும்படி கதிரியல் மருத்துவரிடம் கேளுங்கள். வலி புதிதாக வந்திருந்தாலோ கால் மரத்துப்போனாலோ காத்திருக்க வேண்டாம்; உடனே மருத்துவரிடம் காட்டி எம்.ஆர்.ஐ. எடுங்கள். பிறகு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் தேவை. அதில் வரும் அடர்த்தி மதிப்பெண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புத் தேய்மானம். ஆனால் முதுகெலும்பு முன்பே அமுங்கியிருந்தால், ஸ்கோர் அவ்வளவு மோசமில்லை என்பதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: பெட் படத்தில் எலும்பு முழுவதும் ஒளிர்கிறது. பயமாக இருக்கிறது.

வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசி அண்மையில் போட்டிருந்தால் மஜ்ஜை மும்முரமாக வேலை செய்யும். எலும்பெங்கும் ஒரே சீராக ஒளிரும், மண்ணீரலும் கூடவே ஒளிரலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத்திட்டாக ஒளிர்ந்தால்தான் மேலும் ஆராய வேண்டும். ஊசி போட்ட தேதியை ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நெஞ்சில், மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பொருத்திய கீமோ போர்ட் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பெரும்பாலான போர்ட்களோடு எடுக்கலாம். பொருத்தியபோது கொடுத்த அட்டையை எடுத்துச் சென்று முதலில் காட்டுங்கள்.