ஒருவரின் இயலாமையைப் புள்ளி போட்டு அளக்க முடியுமா?

அளக்கலாம். ஆனால் எங்கே வைத்து அளந்தார்கள், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதையும் அந்தப் புள்ளியோடு சேர்த்து எழுதவேண்டும். இதுதான் என் கட்சி. நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். பாரிசவாதம் வந்து என் கணவருக்கு வலப்பக்கம் தளர்ந்துவிட்டது. அவரைப் பார்ப்பது நான்தான்.

இத்தகைய நோயாளிகளுக்குப் பல நாடுகளில் பயன்படுவது 1965இல் வெளியான பார்தெல் அளவுகோல். சாப்பிடுவது, உடுத்துவது, நடப்பது என்று பத்து விடயங்கள், மொத்தம் 100 புள்ளி. படியேற 10. எங்கள் வீட்டில் படியே கிடையாது. கோணேசர் கோயிலுக்குப் போகும் நாளில்தான் அவருக்குப் படி எதிரி. குளிப்பதற்கோ வெறும் 5. அதுவும் ஆள் பக்கத்தில் இல்லாமல் குளித்தால் 5, இல்லையேல் 0.

எங்களுக்குப் பெரும்பாடு அந்தக் குளிப்புத்தான். ஆஸ்பத்திரித் தரையில் உறுதியாக ஊன்றிய கைத்தடி, கிணற்றடிக்குப் போகும் மணலில் புதைந்துவிடும். ஒற்றைக் கையால் வாளி இழுக்கவும் முடியாது. பிறகு பாதைக்குச் சீமெந்து போட்டு, பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் கம்பி நட்டு, மோட்டரிலிருந்து தண்ணீர்க் குழாயும் இழுத்தோம். இப்போது தனியாகவே குளிக்கிறார். உடம்பு அதே உடம்பு. மேசன் வந்து போனார், புள்ளி ஏறிவிட்டது!

இயலாமை பற்றி உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வகைப்பாடு இதைப் பிரித்துப் பார்க்கிறது: ஒரே சீரான சூழலில் ஒருவரால் எவ்வளவு முடியும் என்பது ஒன்று, தன் சொந்தச் சூழலில் அவர் உண்மையில் எவ்வளவு செய்கிறார் என்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் உதவித் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டும் என்பேன்.

இன்னொரு சிக்கல், கேள்வி கேட்கும் விதம். ஓர் அலுவலகத்தில் “சட்டை போடுவீர்களா?” என்று கேட்டார்கள். வெளியாட்கள் முன்னால் இவருக்கு எங்கிருந்துதான் வீரம் வருமோ, “போடுவேன்” என்றார். போடுவார்தான், கையை நான் நுழைத்துவிட்டு, பொத்தானையும் நான் பூட்டினால். கணக்கெடுப்புகளில் இயலாமையை அளக்கக் கேள்விகள் வகுத்துத் தரும் பன்னாட்டு அமைப்பான வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள் இதைவிட மேல். முடியுமா என்று கேட்காமல் எவ்வளவு சிரமம் என்று கேட்கின்றன. சிரமமில்லை என்பதிலிருந்து முடியவே முடியாது என்பது வரை நான்கு படிகள்.

உங்கள் வீட்டுக்கும் அளக்க வருவார்களானால் முன்வாசல் நாற்காலியில் இருத்திப் பேசி அனுப்பிவிடாதீர்கள். கிணற்றடிக்கும் கழிப்பறைக்கும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். நீங்கள் இரண்டு நாள் ஊரில் இல்லாவிட்டால் எதெது நின்றுபோகும் என்பதையும் சொல்லி, அதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.