செடிய படிச்சா சோறு கெடைக்குமான்னு கேட்ட அக்காவுக்கு

அக்கா, நேத்து ராத்திரி நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ் அஞ்சையும் ரெண்டு தடவ கேட்டேன். கடைசி மெசேஜ்ல அழுதுட்டீங்க, அதனால போன்ல அவசரமா பேசி முடிக்காம நிதானமா எழுதுறேன். மகள பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு வாசிங்க, அண்ணனும் வேல முடிஞ்சு வந்ததும் வாசிக்கட்டும்.

நீங்க சொன்னது இது தானே. நாலு தலமொறையா இந்தத் தேயிலைச் செடிக்கிட்டயே கெடந்தோம், இவளையாவது மலைய விட்டு எறக்கணும்னு தான் பயோ படிக்க வச்சேன், டொக்டருக்குப் போக ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) இஸட் ஸ்கோர், அதான் கெம்பஸுக்கு ஆள் எடுக்குற மார்க், கொஞ்சம் பத்தல, சரி இன்னொரு தடவ எழுதுன்னா வேணாம் டீச்சர்கிட்ட பேசிட்டேன், பேராதெனியா கெம்பஸ்ல உயிரியல் விஞ்ஞானம் போயி தாவரவியல் படிச்சு ஆராய்ச்சி பண்ணப் போறேங்குறா, திரும்பவும் செடியா, அதுக்கு யாரு சம்பளம் குடுப்பான்னு கேட்டீங்க.

அவ படிக்கப் போகட்டும் அக்கா. இது தான் என் முடிவு, மொதல்லயே சொல்லிடுறேன். ஆனா நீங்க கேட்ட அந்தக் கேள்விய விட்டுறாதீங்க. யாரு சம்பளம் குடுப்பாங்குற கேள்விய ஒவ்வொரு படியிலயும் கேட்டுக்கிட்டே போனா இந்தப் பாதையில யாரும் ஏமாற மாட்டாங்க, நான் பாத்த வரைக்கும் அதக் கேக்காமப் போனவங்க தான் கஷ்டப்பட்டாங்க.

அவ ஏன் இதக் கேக்குறான்னு ஒங்களுக்குத் தெரியணும். போன ஜூலைல மழைக்குள்ள என்னப் பாக்க வந்தா, கொடைய மடிக்கக்கூட இல்ல, பையில இருந்து ஒரு கொப்பிய எடுத்தா, அதுக்குள்ள நாலஞ்சு கொழுந்து எல. ஒண்ண ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுக் காட்டுனா. மேல் பக்கம் வட்டமா குழி விழுந்து எண்ண பட்ட பேப்பர் மாதிரி வெளிச்சம் தெரியுது, திருப்புனா அடியில அதே எடம் வெள்ளையா பஞ்சு மாதிரி உப்பி இருக்கு. கொப்புள நோய், ஒங்களுக்குத் தெரியாததா, தெனம் பறிக்கிறப்ப பாக்குறது தானே. ஆனா அவ கொப்பியில 20 செடிக்கு நம்பர் போட்டு, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எத்தன எலையில கொப்புளம் இருக்குன்னு எண்ணி, அந்த வாரம் எத்தன நாள் பனி மூடுச்சுன்னும் பக்கத்துலயே எழுதி வச்சிருந்தா, ஒம்பது வாரம். நெழல் மரத்துக்கு அடியில இருக்கிற செடிக்கும் வெளிய இருக்கிற செடிக்கும் வித்தியாசம் வருது டீச்சர், ஏன்னு புரியலன்னு கேட்டா. யாரும் சொல்லிக் குடுக்கல, மார்க்ஸ் கெடைக்காது. நான் இந்த வேலையில எத்தனையோ புள்ளைங்களப் பாத்திருக்கேன், டொக்டராகணும்னு சொல்ற புள்ளைங்க நூறு பேர் வருவாங்க, இப்படி ஒரு கொப்பியோட வந்தது இவ ஒருத்தி தான்.

அதனால திரும்ப எழுதுற விஷயத்த சுருக்கமா முடிச்சுடுறேன். ஏ.எல். மூணு தடவ எழுதலாம், உண்மை தான், ஆனா அவளுக்கே டொக்டர் ஆசை இருந்தா மட்டும் தான் அந்த ஒரு வருஷத்துக்கு அர்த்தம். இல்லாத ஆசைக்கு டியூஷன் காசு கட்டாதீங்க.

இப்ப ஒங்க அந்த வார்த்தைக்கு வர்றேன், திரும்பவும் செடியான்னு கேட்டீங்களே. நம்ம ஆளுங்க இந்த இலங்கை மலைக்கு வந்ததே தேயிலைக்கு இல்ல, காப்பிக்கு. 1869ல காப்பி எலைக்கு அடியில ஆரஞ்சு கலர்ல தூள் தூளா ஒரு நோய் வந்துச்சு, கொஞ்ச வருஷத்துல மொத்தத் தோட்டமும் படுத்துருச்சு. அத ஆராயச் சொல்லி 1880ல இங்கிலாந்துல இருந்து ஒரு பையன அனுப்புனாங்க, மார்ஷல் வார்ட்னு பேரு, வயசு 25, 26 தான் இருக்கும், அப்ப தான் படிப்ப முடிச்சிருந்தாரு. ரெண்டு வருஷ வேல. அது ஒரு பூஞ்சணம், தூள் காத்துல பறந்து போயி ஈரமான எலையில முளைச்சு, எல மூச்சு விடுற சின்ன ஓட்ட வழியா உள்ள போகுதுன்னு அவரு காட்டுனாரு, மலை மலையா ஒரே பயிர நட்டது தான் நோய் இப்படிப் பரவ எடம் குடுத்துச்சுன்னும் சொன்னாரு. காப்பிய காப்பாத்த முடியல, லேட்டாயிருச்சு. ஜேம்ஸ் டெய்லர் 1867லயே லூல்கந்துரையில தேயிலைய நட்டிருந்ததால நாடு அந்தப் பக்கம் திரும்புச்சு, நம்ம முன்னோருங்களும் காப்பிப் பழத்த விட்டுட்டு கொழுந்துக்குக் கை மாத்துனாங்க. வார்ட் திரும்பிப் போயி மான்செஸ்டர்ல கொஞ்ச காலம், அப்புறம் இன்னொரு கொலேஜ்ல ப்ரொபெசர், கடைசியா 1895ல கேம்பிரிட்ஜ் கெம்பஸ்ல தாவரவியல் ப்ரொபெசர். இங்க வந்த நாள்ல இருந்து கணக்குப் பண்ணா 15 வருஷம். அந்தக் காலத்துலயும் இந்தத் தொழில் ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்ல தான் ஆரம்பிச்சிருக்கு, இப்பவும் அப்படித்தான், அதப் பத்தி பின்னாடி சொல்றேன்.

2021ல ஒரம் வராம நின்னப்ப என்ன ஆச்சுன்னு என்ன விட ஒங்களுக்குத் தான் நல்லாத் தெரியும். ஏப்ரல், மே மாசத்துல ரசாயன ஒரத்த நிப்பாட்டுனாங்க, நவம்பர்ல திரும்ப விட்டாங்க, ஆனா செடி அந்த நேரத்துக்குக் காத்துக்கிட்டா இருந்துச்சு, கொழுந்து கொறஞ்சுச்சு, கிலோ நெறையாம அரைப் பேர், அதான் பாதி நாள் சம்பளம், போட்டாங்கன்னு நீங்களே எங்கிட்ட சொல்லி வருத்தப்பட்டீங்க. ஒரு செடிக்கு எவ்வளவு சத்து தேவ, எவ்வளவு நாள் தாங்கும், எத திடீர்னு நிப்பாட்டக் கூடாதுன்னு சொல்றவங்க தான் தாவர ஆராய்ச்சியாளர். நம்ம கைச் சம்பளத்துல விழற விஷயம் அது. அதப் பத்தி முடிவு எடுக்குற மேசையில நம்ம தோட்டத்து லயத்துல இருந்து போன ஒரு புள்ள உக்காந்தா எப்படி இருக்கும்னு நான் பல தடவ நெனச்சிருக்கேன்.

சரி, காசுக் கணக்கு.

மொத நாலு வருஷம். அரசாங்க கெம்பஸ்ல மொத டிகிரிக்கு பீஸ் இல்ல. மஹாபொல ஸ்கொலர்ஷிப் கெடைக்கும், இல்லாட்டி பர்சரின்னு உதவிப் பணம், ரெண்டுல ஒண்ணுக்கு கட்டாயம் அப்ளை பண்ணணும், ஆனா அத நம்பி மட்டும் மாசம் ஓடாது, சாப்பாடு பஸ்ஸுக்கு கொஞ்சம் நீங்க போட வேண்டி வரும். ஹொஸ்டலுக்கு மொத வருஷமே எழுதிப் போடணும். மூணு வருஷத்துல சாதாரண டிகிரி எடுத்துட்டு வெளிய வந்துறலாம், ஆனா ஆராய்ச்சிக்குப் போறவ நாலு வருஷ சிறப்பு டிகிரிக்குள்ள போயே ஆகணும், அதுக்கு ஆள் எடுக்கிறது மொத வருஷங்களோட மார்க்ஸ வச்சு. இங்க தான் நம்ம புள்ளைங்க அடிபடுறாங்க. தமிழ் மீடியத்துல படிச்சுட்டுப் போயி மொத செமஸ்டர் முழுக்க இங்கிலீஷ் லெக்சர் புரியாம முழிச்சுக்கிட்டு இருப்பாங்க, புரிய ஆரம்பிக்கிறப்ப மார்க்ஸ் போயிருக்கும், அப்புறம் மூணு வருஷம் அத ஏத்துறதுலயே போகும். மூள கொறஞ்சு இல்ல அக்கா, பாஷ தான். அதனால கெம்பஸ் தொறக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற இந்த மாசங்கள்ல அவளுக்கு வேற கிளாஸ் எதுவும் வேணாம், இங்கிலீஷ் மட்டும். ஏ.எல். பயோ புத்தகத்தையே இங்கிலீஷ்ல எடுத்து ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் வாசிக்கட்டும், விஷயம் ஏற்கனவே தெரியுங்குறதால பாஷ தானா ஒட்டிக்கும்.

டிகிரி முடிஞ்சா. நல்ல கிளாஸ் எடுத்தா டிபார்ட்மென்ட்லயே தற்காலிகமா டெமோன்ஸ்ட்ரேட்டர் வேல குடுப்பாங்க, லேப்ல ஜூனியர் புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கிறது, சம்பளம் உண்டு, ஆனா கான்ட்ராக்ட். இல்லன்னா ஒரு ஆராய்ச்சி ப்ராஜெக்ட்ல உதவியாளர். 1925ல ஆரம்பிச்ச தேயிலை ஆராய்ச்சி நிலையம் இப்ப தலவாக்கலை சென்கூம்ஸ்ல இருக்கு, ஒங்க தோட்டத்துல இருக்கிற 2025ங்குற வீபீ தேயிலை (வெதையில இல்லாம தண்டு வெட்டி வளக்குற ரகம்) அந்த நிலையம் பொறுக்கி எடுத்தது தான், கண்டி ஹந்தானையில அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, பேராதெனியா பூந்தோட்டத்துக்குள்ளயே காய வச்ச செடிங்கள சேத்து வச்சிருக்கிற தேசிய ஹெர்பேரியம் இருக்கு. நம்ம நாட்டுல பூக்குற செடி 3000க்கு மேல, அதுல கால்வாசிக்கு மேல ஒலகத்துல வேற எங்கேயும் இல்ல. இவ்வளவும் ஹட்டன்ல இருந்து பஸ்ஸுல போயி வர்ற தூரத்துல இருக்குங்குறத யாரும் நம்ம புள்ளைங்களுக்கு சொல்றதில்ல, எனக்கு அதுல பெரிய மனக்கொற உண்டு.

அடுத்தது பி.எச்.டி. இத நல்லா கவனிங்க. தாவர ஆராய்ச்சியில பி.எச்.டி.க்கு பெரும்பாலும் நாம காசு கட்டுறதில்ல, நமக்கு அவங்க காசு குடுப்பாங்க. ஜெர்மனி, நெதர்லாந்து, நோர்வே மாதிரி நாடுகள்ல பெரும்பாலும் அது ஒரு வேல, ஒப்பந்தம் போட்டு மாசச் சம்பளம். அமெரிக்காவுல பீஸ விட்டுக் குடுத்து, கிளாஸ் எடுக்கவோ லேப்ல வேல பாக்கவோ வச்சு மாசம் பணம் குடுப்பாங்க, அஞ்சு வருஷம் கிட்ட ஆகும். ஜப்பான் அரசாங்கத்தோட மெக்ஸ்ட், ஜெர்மனியோட டாட், இங்கிலாந்து போறதுக்கு கொமன்வெல்த் ஸ்கொலர்ஷிப், எதுக்கும் ஏஜென்ட் தேவையில்ல, நேரா அப்ளை பண்றது. இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, எங்கிட்ட படிச்ச ஒரு பையன், வேற பாடம், ஒரு ஏஜென்சிய நம்பி அம்மாவோட நகைய அடகு வச்சு வெளிநாட்டுல காசு கட்டுற கோர்ஸ் ஒண்ணுக்குப் போயிட்டான், ஒரு வருஷத்துல பீஸ் கட்ட முடியாம திரும்பி வந்தான், நகையும் மூழ்கிப் போச்சு. போறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிட்டுத் தான் போனான், வாழ்த்தி அனுப்புனேன், யாரு காசு குடுக்குறான்னு நான் கேக்கல. அன்னைல இருந்து எல்லார்கிட்டயும் மொதல்ல அதத் தான் கேக்குறேன்.

அப்புறம் ப்ரொபெசர தேடுறது. எந்த கெம்பஸ்ங்குறத விட யாருக்குக் கீழங்குறது பெருசு. அந்த ஆளுகிட்ட முன்னாடி படிச்ச புள்ளைங்க இப்ப எங்க இருக்காங்க, எத்தன வருஷத்துல முடிச்சாங்க, பாதியில எத்தன பேர் விட்டுட்டுப் போனாங்க, இத மகள் அந்தப் புள்ளைங்களுக்கே மெயில் போட்டுக் கேக்கணும், கேக்குறதுல ஒரு தப்பும் இல்ல. மாப்பிள்ள வீட்ட விசாரிக்கிற மாதிரி விசாரிக்கணும்.

அங்க போனா தேயிலைய பாக்கவே மாட்டா, இதையும் இப்பவே தெரிஞ்சுக்கட்டும். பல லேப்ல இருக்கிறது கடுகு குடும்பத்துச் சின்னச் செடி, அரபிடோப்சிஸ்னு பேரு, பூ விட்டாக்கூட ஒரு சாண் உசரம் தான், வெத போட்டு ஒன்றரை ரெண்டு மாசத்துல திரும்ப வெத எடுத்துறலாம். அதோட மரபணு முழுசையும் 2000லயே வாசிச்சு முடிச்சுட்டாங்க, தேயிலையோடத 2017ல தான் வெளியிட்டாங்க, அது இருபது மடங்குக்கு மேல பெருசு. செடி நோய எப்படி எதுக்குதுங்குறத மொதல்ல சின்னச் செடியில கத்துக்கிட்டு அப்புறம் கொழுந்துக்குக் கொண்டு வரலாம். அந்தக் கடைசிப் பாதிய செய்ய ஆள் கொறவு, இவளுக்கு அங்க எடம் இருக்கு.

இப்ப கஷ்டமான பகுதி, மறைக்க மாட்டேன். பி.எச்.டி. முடிஞ்சதும் போஸ்ட் டொக்னு ஒரு கட்டம், ரெண்டு வருஷம் ஒரு நாட்டுல, ரெண்டு வருஷம் இன்னொரு எடத்துல, சம்பளம் இருக்கும், நிரந்தரம் இருக்காது. அப்ப அவளுக்கு வயசு முப்பதத் தாண்டியிருக்கும், கல்யாணப் பேச்சு வரும், தங்கச்சிக்கும் வரும், ஊருல கேக்குற கேள்விக்கு நீங்க பதில் சொல்லணும். எல்லாரும் ப்ரொபெசர் ஆகுறதில்ல, வெளிநாட்டுல இந்தக் கட்டத்துல இருக்கிறவங்கள்ல பாதிக்கு மேல வேற வேலைக்குத் தான் போறாங்க. இன்னொரு வழி, டிகிரி முடிச்சதும் இங்கயே ஒரு கெம்பஸ்ல பயிற்சி லெக்சரரா சேந்து, லீவு எடுத்து வெளிய போயி பி.எச்.டி. முடிச்சு திரும்புறது. அதுல நிரந்தரம் கெடைக்கும், சீனியர் லெக்சரர், அப்புறம் ப்ரொபெசர்னு ஏறலாம், ஆனா போறப்ப பொண்ட் எழுதி வாங்குவாங்க, திரும்பி வந்து இத்தன வருஷம் வேல செய்யணும், இல்லன்னா காசக் கட்டணும்னு. கையெழுத்துப் போட சொந்தக்காரங்களக் கூப்புடுவாங்க, அப்ப ஒரு வரி விடாம வாசிச்சுட்டுப் போடுங்க. என்னக் கேட்டா இவளுக்கு இந்த வழி தான் பொருத்தம், ஏன்னா இவ திரும்பி வரணும்னு ஆசப்படுறவ.

நடுவுல எந்தப் படியில நின்னாலும் கை வெறுமையா இருக்காது. டிகிரியோட நின்னா விஞ்ஞான டீச்சர், நம்ம ஸ்கூல்கள்ல பயோ டீச்சர் இல்லாம எத்தன புள்ளைங்க ஹட்டனுக்கு டியூஷனுக்கு ஏறி எறங்குதுன்னு ஒங்களுக்கே தெரியும். விவசாயத் திணைக்களம், தேயிலைக் கம்பெனி, இப்படி வேற எடமும் இருக்கு.

வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வாங்க. ரிசல்ட் ஷீட், கெம்பஸ் அப்ளிகேஷன் ஹேண்ட்புக், அவ அடையாள அட்ட, பேங்க் புத்தகம் கொண்டு வாங்க, கோர்ஸ் வரிசைய நாம சேந்து எழுதுவோம், உயிரியல் விஞ்ஞானத்துக்குப் பின்னால விவசாயத்தையும் போடணும், பதுளை ஊவா வெல்லஸ்ஸவுல இருக்கிற தேயிலைத் தொழில்நுட்ப டிகிரியையும் யோசிக்கலாம். அந்த எல கொப்பியையும் மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நெழல் மரத்துக்கு அடியில ஏன் வித்தியாசம் வருதுன்னு ஒங்ககிட்ட அவ கேட்டாளான்னு தெரியல, முப்பது வருஷமா அந்த மலையில பறிக்கிறவங்க நீங்க, ஒங்களுக்கு ஏதாவது பட்டிருக்கும், வர்றப்ப பஸ்ஸுல அவகிட்ட சொல்லிட்டு வாங்க.