பெரிய கத்தி எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கைவினைப் பொருட்களைப் பற்றி எழுதும்போது, சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்கும் பெரிய டமாஸ்கஸ் போவி கத்திகளை (மேலே கோடுகோடாகக் கோலம் தெரியும் எஃகில் செய்த அமெரிக்க பாணிக் கத்திகள்) ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். என் மைத்துனருக்கு அந்தப் பைத்தியம் உண்டு. அவரிடம் இருக்கும் ஒரு கத்தியின் அலகு மட்டும் பதினோரு அங்குலம். இன்றுவரை ஒரு தக்காளியைக்கூட அது நறுக்கியதில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்குகிறது. கேட்டால், "டமாஸ்கஸ்தான் உலகிலேயே வலுவான எஃகு, நம் முன்னோர் கண்டுபிடித்தது" என்கிறார். எனக்கென்னவோ இது வளர்ந்த ஆண்களின் பொம்மை ஆசை என்றுதான் படுகிறது. அவருடைய பிறந்தநாளுக்கு இணையத்தில் மலிவாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

வி.

அன்புள்ள வி.,

பொம்மை ஆசை உண்டு, மறுக்கவில்லை. பெரிய கத்தி ஒன்றைக் கையில் எடுத்தால் எனக்கும் பத்து வயதாகிவிடுகிறது. ஆனால் அந்த ஆசைக்குத் தொழிற்சாலைக் கத்தியே போதும். ஒரு கொல்லர் வாரக்கணக்கில் அடித்துச் செய்ததற்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

முதலில் மைத்துனரின் பெருமையில் கொஞ்சம் கை வைக்கிறேன். பழைய டமாஸ்கஸ் என்பது தென்னிந்தியாவிலிருந்து போன உருக்கு, மூடிய மண்கலத்தில் உருக்கி எடுத்தது. வெள்ளைக்காரர்கள் அதை 'வூட்ஸ்' என்றார்கள். அந்தப் பெயரே 'உக்கு', 'உருக்கு' என்ற நம் சொற்களிலிருந்து போனது என்பார்கள். அதன் மேல் தெரியும் நீரோட்டம் போன்ற கோடுகள் எஃகு ஆறும்போதும் அடிபடும்போதும் தானாக உள்ளே உருவானவை. மிகச் சிறிதளவு வனேடியம் போன்ற கலப்புகள்தான் காரணம் என்று வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பென்ட்ரே என்ற கத்திக் கொல்லரும் சேர்ந்து செய்துகாட்டினார்கள். மைத்துனரிடம் இருப்பது பெரும்பாலும் அது இல்லை, இன்று டமாஸ்கஸ் என்ற பெயரில் செய்யும் அடுக்கெஃகு. இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, வெங்காரம் தூவி, உலைச் சூட்டிலேயே அடித்து ஒட்டவைத்தது. 25 தகடுகளில் தொடங்கி நான்கு முறை மடித்தால் 400 அடுக்கு. கடைசியில் ஃபெர்ரிக் குளோரைடு என்ற அரிக்கும் கரைசலில் முக்கினால் நிக்கல் கலந்த அடுக்கு வெள்ளையாக நிற்கும், மற்றது கறுக்கும். வலிமை? ஒரே எஃகில் ஒழுங்காகப் பதம் போட்ட கத்தி எதற்கும் குறைந்ததில்லை.

போவி கத்தியின் கதையும் இப்படித்தான். 1827இல் மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் நடந்த கைகலப்பில் ஜிம் போவி என்ற அமெரிக்கர் பெரிய கத்தியோடு நின்றார், பெயர் பரவியது. 1836இல் டெக்சாஸின் அலமோ கோட்டையில் நடந்த போரில் செத்தும் போனார். அந்தக் கத்தி எப்படி இருந்தது? அதைச் செய்தது நான்தான் என்று அவர் அண்ணன் ரெசின் பிறகு ஒரு கடிதம் எழுதினார். நீளம் ஒன்பதேகால் அங்குலம், அகலம் ஒன்றரை, அலகில் வளைவு இல்லை என்று அதில் இருக்கிறது. இன்று போவி என்றாலே நினைவுக்கு வரும் அந்த, முதுகை வெட்டி இறக்கிய முனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை! அமெரிக்கர்கள் வாங்கிக் குவித்த இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திகளும் சாதாரண எஃகுதான். பில் மோரன் என்ற அமெரிக்கக் கொல்லர் 1973இல் ஒரு கண்காட்சிக்கு அடுக்கெஃகுக் கத்திகளைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் அங்கே இந்தக் கலை மறுபடி சூடு பிடித்தது. ஆக, டமாஸ்கஸும் போவியும் ஜோடி சேர்ந்து இப்படிக் கொடிகட்டிப் பறப்பது ஏறக்குறைய அரை நூற்றாண்டாகத்தான்.

சரி, அளவுக்கு வருவோம். மூன்று அங்குலக் கத்தியில் அடுக்குக் கோலத்தின் ஒரு துணுக்குதான் தெரியும். பதினோரு அங்குலத்தில் அது ஓட இடம் கிடைக்கிறது. இறகுக் கோலம் என்று ஒன்று உண்டு. அடுக்கிய கட்டியை ஆப்பு வைத்துப் பிளந்து, மறுபடி ஒட்டவைப்பார்கள். பிடியிலிருந்து முனைவரை ஒரு தண்டு ஓடும், இருபுறமும் கோடுகள் இறகு மாதிரி சரியும். நல்ல கைகளில் அந்தத் தண்டு சரியாக முனையில் போய் முடியும். ஆனால் அந்த நீளத்தில் தப்பும் ஒளிய முடியாது. எங்கோ ஒரு ஓரத்தில் ஒட்டாமல் போன ஒரு மயிரிழைக் கோடு, அத்தனை நாள் வேலையும் குப்பை. பதம் போட, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கும்போது நீள அலகுதான் சட்டென்று கோணும். சாணையில் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்தால் கோலமே அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

எடையும் இருக்கிறது. ஒரு சேகரிப்பாளர் வீட்டில் முதன்முதலாக அப்படிப்பட்ட கத்தியைத் தூக்கியபோது கடப்பாரையை எதிர்பார்த்தேன். அது கையோடு எழுந்து வந்தது. பிடிக்குப் பக்கத்தில் தடித்து, முனைவரை சீராக மெலிந்துகொண்டே போயிருந்தார் அந்தக் கொல்லர். இதைப் படத்தில் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது.

அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தில் 'மாஸ்டர்' பட்டத்துக்கு ஒரு தேர்வு வைக்கிறார்கள். குறைந்தது 300 அடுக்குள்ள டமாஸ்கஸ் கத்தி, அலகு பத்து அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், மரச்சட்டத்தை வெட்டித் துண்டாக்க வேண்டும், அதே கூரால் கை முடியை மழிக்க வேண்டும். கடைசியாக இடுக்கியில் மாட்டி 90 பாகை வளைப்பார்கள், அலகு முறியக் கூடாது. தேர்ந்தாலும் அந்தக் கத்தி பாழ். மைத்துனரின் கத்தியைச் செய்தவர் அந்தப் பட்டம் பெற்றவரானால், கண்ணாடிப் பெட்டியில் தூங்குவது வளைந்துபோன அந்தக் கத்தியின் தம்பி. வெட்டத் தெரிந்த கத்தி, வெட்டுவதில்லை, அவ்வளவுதான். வெட்டத் தெரியாததை அவர்கள் அலங்காரப் பொருள் என்று ஒதுக்கிவிடுவார்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அப்புறம் நீங்கள் பார்த்து வைத்த மலிவு விலைக் கத்தி. நானும் ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன். உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததும் கோலம் போயே போய்விட்டது. மறுபடி அமிலத்தில் போட்டேன், திரும்பி வரவில்லை. மேலே வரைந்த படம்! உண்மையான அடுக்கென்றால் கோடுகள் முதுகிலும் ஏறி மறுபக்கம் இறங்கும், முதலில் அங்கே பாருங்கள். கோலம் நிஜமாகவே இருந்தாலும், எந்த இரண்டு எஃகு, யார் பதம் போட்டது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். உங்கள் ஊர்ச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், இந்த அளவுக் கத்திக்குப் பல இடங்களில் கட்டுப்பாடு உண்டு.

பரிசுதான் வேண்டுமென்றால் நல்ல மெழுகு ஒரு டப்பா வாங்கிக் கொடுங்கள். இந்த எஃகு துருப்பிடிக்கும். அவர் கத்தியைத் தோல் உறைக்குள்ளேயே வைத்திருந்தால் வெளியே எடுக்கச் சொல்லுங்கள், பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து அலகில் புள்ளி புள்ளியாகக் கறை போட்டுவிடும்.