நீரின்மேல் எழுந்து நின்ற பறவை

அன்புள்ள ஐயா,

கனடாவின் ஸ்காபரோவில் வசிக்கும் நான் உங்கள் தளத்தை ஐந்தாறு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். பறவைகளைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்த பின்னரே கமரா ஒன்றை வாங்கினேன். இந்த ஆண்டு மே மாதத்து விக்டோரியா தின நீண்ட வார இறுதியில் மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து ஒன்ராறியோ மாகாணத்தின் ஹாலிபேர்ட்டன் பகுதியில் ஒரு சிறிய ஏரிக்கரையில் கொட்டேஜ் எடுத்துத் தங்கினோம். மூன்று நாட்களில் ஏறக்குறைய 1,400 படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது ஐந்துகூடத் தேறவில்லை. லூன் என்னும் நீர்ப்பறவையின் தலை கரிக்கட்டியாகவும், முதுகின் வெள்ளைப் புள்ளிகள் சுண்ணாம்பு தெளித்தாற்போலவும் விழுந்திருந்தன.

தேறியவற்றுள் இரண்டை இணைத்திருக்கிறேன். ஒன்றில், சிறு தீவொன்றின் ஓரத்தில் லூன் கழுத்தை நீட்டித் தரையோடு தரையாகப் படுத்து உறங்குகிறது. மற்றதில், எங்கள் வள்ளத்துக்கு முன்னால் நீரின்மேல் நிமிர்ந்து நின்று நடனமாடுகிறது. சிரிப்பதுபோல் குரல் எழுப்பியபடி ஐந்து நிமிடங்களுக்கு மேலாக எங்களுக்காகவே ஆடியது, பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்று மாலை காட்டில் பறித்த டிரில்லியம் என்னும் வெள்ளைக் காட்டுப்பூவை மகளுக்குச் சூட்டி எடுத்த படமும் நன்றாக வந்தது.

அடுத்த மே மாதத்துக்குள் 600 மில்லிமீற்றர் லென்ஸ் வாங்கிவிட எண்ணுகிறேன். இப்போது இருப்பது 300. வாங்குவது தகுமா? கைப்பேசியில் லூனின் குரலை ஒலிக்கவிட்டால் பறவை அருகே வரும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அதைச் செய்யலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பலமுறை பார்த்தேன். இரண்டின் பின்னணியிலும் நீரை நோக்கிச் சாய்ந்த ஒரே மரம் நிற்கிறது. கோப்புகளில் பதிவாகியிருக்கும் நேரம் முதற்படத்துக்கு 10:42, இரண்டாவதற்கு 10:49. அப்படியானால் இவை உறக்கமும் நடனமும் அல்ல. ஏழு நிமிட இடைவெளியில் ஒரே இடத்தில் நடந்த ஒரே நிகழ்ச்சியின் தொடக்கமும் முடிவும்தான் இவை.

லூன் தரையில் உறங்குவதற்காகக் கரையேறுவதில்லை. அதன் கால்கள் உடலின் மிகப் பின்புறத்தில் அமைந்திருப்பதால் நீருக்கடியில் விரைந்து பாய்வதற்கு உதவுகின்றனவே தவிர, நடப்பதற்குப் பயன்படுவதில்லை. நெஞ்சால் உந்தித்தான் அது கரையில் நகரும். எனவே இணைசேரவும் கூட்டில் அமரவும் மட்டுமே அது நீரை விட்டு வருகிறது என்று கொள்ளலாம். கூட்டையும் நீரின் விளிம்பிலேயே, பெரும்பாலும் தீவுகளின் ஓரத்தில், அழுகிய தாவரங்களைக் குவித்துக் கட்டுகிறது. முட்டைகள் பொதுவாக இரண்டு. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய நான்கு வாரங்கள் அடைகாக்கும். உங்கள் முதற்படத்தில் உள்ள பறவை கழுத்தை நீட்டித் தலையை நீரோரத்தில் தாழ்த்தியிருப்பது, நெருங்கிவரும் ஒன்றைக் கண்டு தன்னை மறைத்துக்கொள்வதற்காகத்தான். அதன் கண் திறந்திருப்பதை நீங்களே பெரிதாக்கிப் பார்க்கலாம்.

வள்ளம் மேலும் நெருங்கியதும் அது நீருக்குள் வழுக்கி இறங்கியிருக்கிறது. அடுத்துத்தான் உங்கள் இரண்டாவது படம். லூன் இறகு கோதி முடித்தபின் சில வேளைகளில் நீரின்மேல் எழுந்து ஓரிரு முறை சிறகடித்துவிட்டு அமர்வதுண்டு, அதில் தீங்கொன்றுமில்லை. நீங்கள் விவரிப்பது அதுவல்ல. உடலைச் செங்குத்தாக நிமிர்த்தி, கால்களால் நீரை வேகமாக அடித்துக்கொண்டு, சிரிப்புப் போன்ற நடுங்கும் குரலுடன் நிமிடக்கணக்கில் நிற்பது, கூட்டுக்கோ குஞ்சுக்கோ ஆபத்து வந்துவிட்டதென்று அது கருதும்போது வெளிப்படும் செய்கை. நம் காதுக்குச் சிரிப்பாகக் கேட்கும் அந்தக் குரல் அதன் அபாயக் குரல். அது ஆடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் மே மாதக் குளிரில் முட்டைகள் திறந்து கிடந்திருக்கின்றன. கடற்புறாக்களும் அண்டங்காக்கைகளும் ரக்கூன்களும் எதிர்பார்த்திருப்பது இத்தகைய இடைவெளியைத்தான்.

இதை உங்களைக் குற்றஞ்சாட்டுவதற்காக எழுதவில்லை. கனடாவுக்கு வந்த புதிதில் நானும் இதே போன்ற படமொன்றை எடுத்து, சட்டமிட்டு, வரவேற்பறையில் இரண்டு ஆண்டுகள் மாட்டி வைத்திருந்தேன். வருவோரிடமெல்லாம் பெருமையாகக் காட்டிய அந்தப் படத்தின் பொருளை, ஏரிக்கரையிலேயே வாழ்ந்து முதுமையடைந்த ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலேயே இரண்டு வாக்கியங்களில் எனக்கு விளக்கினார். அவர் தமது ஏரியின் லூன்களை ஒவ்வோர் ஆண்டும் எண்ணிக் குறித்து அனுப்பும் தன்னார்வலர். 1981 முதல் நடந்துவரும் அந்தக் கணக்கெடுப்பை இன்று பேர்ட்ஸ் கனடா அமைப்பு நடத்துகிறது. எத்தனை சோடிகள் வந்தன, எத்தனை குஞ்சுகள் பொரித்தன, அவற்றுள் எத்தனை கோடை இறுதிவரை பிழைத்தன என்பதே அதன் கேள்வி. ஒரு சோடி ஆண்டுக்குச் சராசரியாக அரைக் குஞ்சை வளர்த்தெடுத்தால்தான் இனத்தின் தொகை குறையாமல் நிற்கும் என்று கணித்திருக்கிறார்கள். ஐந்தாறு வயதானபின்னரே முட்டையிடத் தொடங்கி, அதன்பின்னும் ஆண்டுக்கு ஒரு குஞ்சுகூட உறுதியில்லாத பறவைக்கு ஒரு கூடு கைவிடப்படுவது சிறிய இழப்பல்ல. புலம்பெயர் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் கனடாவின் கூட்டாட்சிச் சட்டமும் காக்கிறது என்பது வேறு விடயம்.

நண்பர் சொன்ன கைப்பேசி யோசனைக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. லூனின் குரல்களுள் இரவில் ஏரி முழுவதும் பரவும் நீண்ட ஓலம் ஒன்றையொன்று தேடி அழைப்பது. ஏறியிறங்கும் மற்றொரு குரலை ஆண் பறவை மட்டுமே, தன் எல்லைக்குள் வரும் பிற ஆணை எச்சரிக்க எழுப்பும். பதிவுகளில் எந்தக் குரல் கலந்திருக்கிறதென்று நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த எச்சரிக்கைக் குரலை நீங்கள் ஒலிக்கவிட்டால், இல்லாத எதிரியுடன் போரிட ஆண் பறவை வரத்தான் செய்யும். அடைகாக்கும் முறை அதனுடையதாக இருந்தால் கூட்டை விட்டு வரும். ஆகவே செய்ய வேண்டாம்.

இனி லென்ஸ். உங்கள் படங்கள் கெட்டதற்கு 300 மில்லிமீற்றர் காரணமல்ல. 10:42 மணிதான் காரணம். கறுப்பும் வெள்ளையும் அருகருகே உள்ள பறவையை உச்சிவெயிலில் எடுத்தால் தலை நிழலிலும் புள்ளிகள் வெயிலிலும் சிக்கிக்கொள்ளும். அத்தோடு சட்டகத்தின் பெரும்பகுதியில் கருநீர் இருப்பதால், கமரா அதை வெளிச்சமாக்க முயன்று வெள்ளையை முற்றாக அழித்துவிடுகிறது. ஒளியளவை மூன்றிலொரு பங்கு அல்லது மூன்றில் இரு பங்கு ஸ்டொப் (கமராவில் ஒளியை அளக்கும் அலகு) குறைத்து வையுங்கள். நண்பகலில் குளிர்ந்த ஏரியின்மேல் சூடான காற்று நெளிவதால் தொலைவிலுள்ள பறவையின் விளிம்பு கூர்மையாக விழுவதில்லை; 600 மில்லிமீற்றர் லென்ஸ் பறவையைப் பெரிதாக்கும்போது அந்த நெளிவையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும்.

அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, மே மூன்றாம் வாரத்தில் ஹாலிபேர்ட்டனில் காலை ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் எழுந்துவிடுகிறது என்பதைப் பயன்படுத்துங்கள். கொட்டேஜின் முன்னால் நீருக்குள் நீண்டிருக்கும் பலகைத் துறையில், ஐந்து மணிக்கே சென்று, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும்படி குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். கமரா நீர்மட்டத்துக்கு ஒரு முழ உயரத்தில் இருக்கட்டும். தாழ்ந்த ஒளி கிடையாக விழும்போதுதான் கரிக்கட்டியாகத் தெரிந்த அந்தத் தலையில் பச்சை மினுக்கம் இருப்பதும், கண் மாதுளை முத்துப்போலச் சிவந்திருப்பதும் தெரியவரும். ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறையாதிருக்கட்டும். பிறகு அசையாதிருங்கள். லூன் ஒரு முறை மூழ்கினால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் எழும். எங்கே எழும் என்று உங்களால் கணிக்க முடியாது. ஆனால் அசையாத ஒரு பொருளுக்கு அருகே எழுவதில் அதற்குத் தயக்கமில்லை. பதினைந்து மீற்றர் தொலைவில், உணவு தேடிக்கொண்டிருந்த பறவை தானாக வந்து எழுந்ததை நான் 300 மில்லிமீற்றர் லென்ஸால் எடுத்திருக்கிறேன். அது என்னைப் பார்த்தது, பின் நீருக்குள் தலையை நுழைத்து மீனைத் தேடியது. தான் செய்துகொண்டிருந்த வேலையை அது நிறுத்தாதவரை நீங்கள் சரியான தொலைவில்தான் இருக்கிறீர்கள்.

ஒன்பது, பத்து மணிக்குமேல் லூனை விட்டுவிடலாம். அப்போது வெயில் காய வரும் ஆமைகளுக்கு நேரம். விழுந்த மரங்களின்மேல் வரிசையாக ஏறியிருக்கும், கழுத்தில் மஞ்சள் கோடுகளும் ஓட்டின் விளிம்பில் சிவப்பும் கொண்ட பெயின்ரட் ஆமைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். மாதக்கணக்கில் பனிக்கட்டிக்குக் கீழே, நுரையீரலால் மூச்சே விடாமல், உடலில் சேரும் அமிலத்தைத் தன் ஓட்டின் சுண்ணாம்புச் சத்தால் சமன்செய்துகொண்டு கிடந்த உயிர் அது. வைகாசி வெயிலில் பின்னங்கால்களை விரித்து நீட்டியபடி அது கிடப்பதைப் பார்க்கும்போது, இளவேனில் என்று நம் முன்னோர் பெயரிட்ட பருவம் யாழ்ப்பாணத்தைவிட இங்கேதான் பெயருக்குப் பொருத்தமாக நடக்கிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பிளாக் ஃபிளை என்னும் சிறு கடிஈக்கள் கடிக்கத் தொடங்கியதும் அந்த எண்ணம் போய்விடும். வெளிர் நிற உடையை அணியுங்கள், கருநிறத்தை அவை நாடி வரும்.

மகளுக்குச் சூட்டிய பூவைப் பற்றியும் ஒரு சொல். 1937 முதல் ஒன்ராறியோ மாகாணத்தின் மலராக இருக்கும் டிரில்லியம், விதையிலிருந்து முதற்பூ பூக்க ஏழாண்டுகளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்கிறது. மரங்கள் இலைவிட்டுக் காட்டை நிழலாக்கும் முன்னர் கிடைக்கும் சில வார ஒளியே அதன் பெரும் வருமானம். பூவோடு தண்டை ஒடித்தால் அதற்குக் கீழுள்ள மூன்று இலைகளும் சேர்ந்து போய்விடும். அந்த ஆண்டு முழுவதும் கிழங்குக்கு உணவு சேர்க்க வேறு இலையில்லை. அடுத்த முறை மகளைப் பூவின் பக்கத்தில் அமரவைத்து, மேகமூட்டமான நேரத்தில், அவளுடைய கண்மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். வெள்ளையிதழின் நரம்புகள்கூட விழும்.

உங்கள் இரண்டாவது படத்தின் மூலையில் ஒரு பிள்ளையின் தோள் உயிர்காப்பு அங்கிக்குள் இருப்பதைக் கண்டு நிம்மதியடைந்தேன். பனிக்கட்டி உருகிச் சில வாரங்களே ஆன ஏரியில் அது இல்லாமல் வள்ளம் ஏறுவோரை நான் பார்த்திருக்கிறேன்.

படங்களை நான் இங்கே வெளியிடவில்லை. உங்கள் கடிதத்திலிருந்து ஏரியின் பெயரையும் தீவின் அடையாளத்தையும் நீக்கியிருக்கிறேன். அந்தச் சோடி கூட்டுக்குத் திரும்பியிருந்தால், ஜூலை முதலாம் திகதி வரும் கனடா தினத்தையொட்டிக் குஞ்சுகள் பெற்றோரின் முதுகில் ஏறிச் செல்லும் பருவத்தில் இருக்கும். அப்போது அங்கே போக முடிந்தால், துறையிலிருந்தே பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.