இப்ராஹிம் பாஷாவின் வாளுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: பழம்பொருள் புரோக்கர் ஒருவர் வெள்ளிப்பிடி போட்ட வாள் ஒன்றைக் காட்டினார். ‘1827 அக்டோபர் 20 நவரினோ கடற்போரில் தோற்ற இப்ராஹிம் பாஷா, ஏசியா கப்பலின் மேல்தளத்தில் பிரிட்டிஷ் அட்மிரல் காட்ரிங்டனிடம் ஒப்படைத்த வாள்’ என்று லேமினேட் செய்த சான்றிதழும் இருக்கிறது. அந்தப் போரில் மூழ்கிய ஏசியாவின் தேக்குத் துண்டையும் சேர்த்துத் தருகிறாராம். 6 லட்சம் சொல்கிறார். நாளைக்குள் 1 லட்சம் அட்வான்ஸ் வேண்டுமாம். போரில் யார் யாரோடு மோதினார்கள்? நம்பலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கொடுக்காதீர்கள். வாளை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் வேண்டியதில்லை. சான்றிதழே காட்டிக்கொடுத்துவிட்டது.

நவரினோ கிரேக்கத்தின் தென்மேற்கில் உள்ள வளைகுடா. கிரேக்கர்கள் துருக்கிச் சுல்தானை எதிர்த்துப் போராடிய காலம். ஒரு பக்கம் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா. தளபதிகள் காட்ரிங்டன், தெ ரிக்னி, ஹெய்டன். மூவரிடமும் சேர்த்துப் பெரிய போர்க்கப்பல்கள் 10. எதிரே துருக்கி, எகிப்துக் கப்பல்கள் குதிரை லாடம் போல வளைந்து நங்கூரமிட்டு நின்றன. எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். பெரிய கப்பல்கள் இந்த மூன்று நேச நாடுகளிடம். துருக்கியக் கப்பல்களுக்கு தாஹிர் பாஷா, எகிப்தியருக்கு முஹர்ரம் பே.

இப்ராஹிம் பாஷா? துருக்கி, எகிப்து மொத்தப் படைக்கும் அவர்தான் தலைவர். ஆனால் அன்று அவர் துறைமுகத்திலேயே இல்லை! இல்லாத ஆள் எப்படி வாளை நீட்டுவார்? மேலும் இது அறிவித்து நடந்த யுத்தமே அல்ல. பக்கத்தில் நின்ற தீக்கப்பலை (எதிரிக் கப்பல்களைக் கொளுத்துவதற்காகவே எரியவிட்டு அனுப்பும் கப்பல்) நகர்த்தச் சொல்லி, டார்ட்மவுத் என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்து ஒரு படகு போனது. படகில் இருந்தவர்களைச் சுட்டார்கள், பற்றிக்கொண்டது. மாலைக்குள் எல்லாம் முடிந்தது. மிச்சமிருந்த கப்பல்கள் சிலவற்றை இரவில் துருக்கியரே கொளுத்தினார்கள்.

தேக்குத் துண்டு அடுத்த பொய். ஏசியா பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய 84 பீரங்கிக் கப்பல், 1824-ல் நீரில் இறங்கியது; அது உண்மை. ஆனால் நவரினோவில் மூழ்கவில்லை. நேச நாடுகள் அன்று ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை. புரோக்கர்களின் பழைய உத்தி இதுதான்: நம்மூர்ப் பெயர் ஒன்றைக் கதையில் செருகிவிட்டால் நாம் உருகிவிடுவோம்.

நவரினோ பெயரில் விற்பனைக்கு வரும் பொருள்களில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாடாவில் ‘நவரினோ’ என்று போர்ப் பெயர் பொறித்த உலோகப் பட்டை கொண்ட வெள்ளிப் பதக்கம் நிஜமாகவே இருக்கிறது. போர் முடிந்து இருபது வருஷம் கழித்து, 1847-ல்தான் அதற்கு அனுமதி வந்தது. அதுவரை உயிரோடிருந்து, விண்ணப்பமும் போட்ட பிரிட்டிஷ் கடற்படை ஆட்களுக்கே கிடைத்தது. ஒரு பக்கம் இளம் விக்டோரியா ராணி, மறுபக்கம் கடற்குதிரை மேல் சூலத்தோடு பிரிட்டானியா. பெற்றவர் பெயர் விளிம்பில் பொறித்திருக்கும். அந்த விளிம்பை விரல் நகத்தால் தடவுங்கள். பழைய பெயரைத் தேய்த்துப் புதிதாகப் பொறித்திருந்தால் அந்த இடம் மெலிந்து லேசாகக் குழிந்திருக்கும். பெயர் சரியாகத் தெரிந்தாலும் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தின் பதக்கப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். வெறும் பட்டையைத் தனியாகச் செய்து வேறு பதக்கத்தில் மாட்டுவது கைவந்த கலை.

நூறு வருஷம் தாண்டிய பொருளை வியாபாரம் செய்பவருக்கு 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைக் கேளுங்கள், பேச்சை மாற்றுவார். சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பித்தளைத் தொலைநோக்கியைக் காட்டி விவரம் கேட்க நான் ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தேன். ‘இது எங்க செக்‌ஷன் இல்ல சார்’ என்றார்கள், மூன்று முறையும் வேறுவேறு ஆட்கள். புரோக்கர் மட்டும் உங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார்.

வாளின் வெள்ளிப்பிடி பிடித்திருந்தால், வெள்ளி எடைக்கு விலை பேசுங்கள். சான்றிதழை அவரிடமே விட்டுவிடுங்கள்.